ஹெட்விக் கேட்ட நடுப்பாகம்

எவால்ட் ஹென்னிக்கே செத்து இத்தனை வருஷமாகியும், செல்லோ என்கிற பெரிய வயலினைப் படிக்கிற பிள்ளைகள் அவரைத் திட்டாத நாளில்லை. அவர் எழுதிய பயிற்சிப் புத்தகம் அப்படி. இடது கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் நாற்பது பாடம் வைத்தால் யார்தான் வாழ்த்துவார்கள்? ஜெர்மனியில், ஸாலே ஆற்றங்கரையில் ஒரு சிற்றரசரின் இசைக்குழுவில் முப்பத்தோரு வருஷம் செல்லோ வாசித்தார். காலையில் பாடம், மாலையில் ஒத்திகை. யாரிடமும் ஒரு பிசிறு பொறுக்க மாட்டார்.

அவருடைய பிசிறைச் சொல்ல ஊரிலேயே ஒரே ஆள்தான், மனைவி ஹெட்விக். ரொட்டிக்கடைக்காரர் மகள். சுரம் பார்த்துப் படிக்கத் தெரியாது, ஆனால் காது கத்தி. அடுப்படியில் பிளம்பழக் கேக்குக்கு மாவு பிசைந்தபடியே குரல் கொடுப்பாள்.

“எவால்ட்! அந்த இடம் அழுவுது, ஆனா பொய்யா அழுவுது. மறுபடி எழுது.”

“நீ மாவைப் பாரு.”

“மாவு உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்குது!”

முறைப்பார். முறைத்துவிட்டு மறுபடி எழுதுவார்.

செல்லோவுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக ஒரு பெரிய படைப்பை அவர் ஆரம்பித்தது அந்த வீட்டில்தான். அதன் நடுப்பாகத்தில் செல்லோ மட்டும் தன்னந்தனியாக ஒலிக்கும் ஓர் இடம். அதை முதன்முறை வாசித்துக் காட்டியபோது ஹெட்விக் ஒரு குறையும் சொல்லவில்லை.

“இதை எல்லாரோடயும் சேர்த்து அரங்கத்துல கேக்கணும்டா எனக்கு” என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. இரண்டு வருஷத்தில் முழுசாகப் போய்விடும் என்றார் வைத்தியர்.

இரண்டு வருஷம் போதாதா? இசைக்குழுத் தலைவர் க்ரூஸே உடனே தேதி கொடுத்தார். எவால்ட் வாங்கிக்கொண்டார். கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கையில், இன்னும் சரியாக வரவில்லை என்று தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் அதே கூத்து.

“யோவ், அவ காது உன் பென்சிலுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுய்யா” என்றார் க்ரூஸே.

“அரைகுறையா ஒண்ணை அவ காதுல போடச் சொல்றீங்களா?”

அட பாவி மனிதா! அவளுக்காகவே திருத்தித் திருத்தி, அவளுக்கே அது கிடைக்காமல் செய்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக மூன்றாம் வருஷம், மார்ச் மாதத்து ஞாயிறு மாலையில் கச்சேரி நடந்தது. “இன்னிக்குக் காது தெளிவா இருக்கு” என்று ஹெட்விக் காலையிலேயே சொல்லியிருந்தாள். அவரும் நம்பினார். நம்பத்தானே ஆசை! மதிய ஒத்திகையில், அந்தத் தனி இடம் நீளம் என்று அவருக்கே பட்டது. சிவப்புப் பென்சிலால் அந்த இடம் முழுவதையும் அடித்து நீக்கிவிட்டார். அவளிடம் சொல்ல நேரமில்லை.

கைதட்டல் அடங்கியதும் ஹெட்விக் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“கேட்டேன்டா! எல்லாம் கேட்டேன். நடுவுல நீ தனியா வாசிச்சியே, அந்த இடத்துல எனக்கு மூச்சே நின்னுபோச்சு.”

க்ரூஸே ஏதோ சொல்ல வாயெடுத்தார். எவால்ட் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மனைவியின் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டார்.

“நல்லா வந்துச்சில்ல?”

வீடு வரும்வரை அவள் பூரிப்பாகப் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் காது இருந்த இரண்டு வருஷத்தைத் தன் கையாலேயே தின்றுவிட்டோமே என்று அவர் தெருவென்றும் பாராமல் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து அவள் கைக்குட்டையை நீட்டினாள்.

அவள் கண்ணை மூடிய பிறகுதான் அந்தப் படைப்பு அச்சுக்குப் போனது. தாள்களைப் புரட்டிய க்ரூஸேவுக்கு ஆச்சரியம்.

“நீளம்னு நீயே அடிச்ச இடம் திரும்ப வந்திருக்கேய்யா?”

“ஆமா, அடிச்சேன்” என்றார் எவால்ட். “ஆனா அவ அதைக் கேட்டுட்டா. இனிமே அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை.”