ரோபோவுக்கு எழுதிய ஐந்தாம் அட்டை

மலேசியாவில், ஈப்போ நகரிலிருந்து கோப்பெங் செல்லும் வழியில், ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இன்று எண்ணெய்ச் செம்பனை நிற்கும் ஒரு பழைய தோட்டம் உண்டு. அதன் தமிழ்ப்பள்ளிக்கு நான் ஒன்பது ஆண்டுகள் வாரியத் தலைவராக இருந்தேன். அத்தோட்டத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் என்பதால், அந்த நாற்காலி எனக்கே உரியதென்று கருதினேன். எனக்கு முன் அதில் இருந்தவர் நோயுற்றபோது, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "உடல் ஒத்துழைக்காதவர் ஒதுங்கிக்கொள்வதே முறை" என்று சொல்லி அவரை இறக்கியவனும் நானே.

ஆகவே எனக்குத் தலைசுற்றல் தொடங்கியபோது எவரிடமும் சொல்லவில்லை. ஈப்போவில் ஒரு மருத்துவர் என்னைக் கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்களை மூடச் சொன்னார். நான்கு எண்ணுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்தேன், தாதி பிடித்துக்கொண்டார். உட்காதில் கோளாறு, இனிக் கார் ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். நன்றி கூறிவிட்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதன்பின் பள்ளிக்குள் நடப்பதற்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டபத்து மேடைவரை ஏழு தூண்கள். ஒவ்வொன்றின் அருகிலும், சாயம் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பவனைப்போல் நின்று கையை வைப்பேன். தலைவர் கட்டடத்தின்மீது எவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்று ஒரு தாய் சொன்னது என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை சிறு பிள்ளைகளுக்கான அறிவியல், நிரலாக்க நாள். ஒரு மேசையில் பலூனால் ஓடும் அட்டை வண்டிகள். இன்னொன்றில் எலுமிச்சம்பழத்தில் கம்பி செருகி விளக்கெரிய வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கிக் கம்பத்தைப் பற்றியபடி நான் திறப்புரையை முடித்தேன். பிறகு ஆசிரியை, கணினி இல்லாமலே நிரல் எழுதும் விளையாட்டை விளக்கினார். தூண்களை ஒட்டித் தரையில் நாடாவால் கட்டங்கள் போட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ரோபோவாக நிற்பார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கட்டளை அட்டைகளை அடுக்கி, அவரைப் பிஸ்கட் டின்வரை நடத்திச் செல்ல வேண்டும். வெற்று அட்டைகளும் உண்டு. தேவையான கட்டளையை அவர்களே எழுதிக்கொள்ளலாம். அட்டையில் இல்லாத எதையும் ரோபோ செய்யலாகாது.

"ஐயா, நீங்கதான் ரோபோ," என்றார் ஆசிரியை.

வாரியச் செயலாளர், லாரி வைத்துத் தொழில் செய்பவர், பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "டீச்சர், தலைவரு இதுவரைக்கும் யாரு பேச்சயும் கேட்டதில்லலா! இன்னைக்காச்சும் கேக்குறாரான்னு பாப்போம்."

பெற்றோர் சிரித்துக் கைதட்டினர். மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்ததோ வெளியே சொல்லக்கூடாத ஒன்று. கறுப்புத் துணியைக் கட்டினார்கள்.

இருண்ட கணமே தரை சாயத் தொடங்கியது. காலணிக்குள் விரல்களை மடக்கி நிலத்தைக் கவ்விப் பார்த்தேன். ஆசிரியை முதல் அட்டையை வாசித்தார். முன்னால் ஓரடி. வைத்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் அதுவே. நான்காவது அட்டை, வலப்பக்கம் திரும்பு. திரும்பினேன். மண்டபம் முழுவதும் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடியது. இங்கே விழுந்தால் அடுத்த கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் என்னுடையது.

ஐந்தாவது அட்டையை ஆசிரியை உடனே வாசிக்கவில்லை.

"இது என்னம்மா, 'நில், தூணைப் பிடி'ன்னு எழுதியிருக்க? தூணு எதுக்கு?"

"ஐயா எப்பவும் தூணு தூணாத்தான் பிடிச்சிக்கிட்டு வருவாரு டீச்சர்," என்றது ஒரு சிறுமியின் குரல். "பிடிக்காட்டி ஆடுறாரு. விழுந்துருவாரு. அதான் போட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஏழு தூண்களையும் இப்போது எல்லோரும் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்தேன். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. குழந்தையின் கற்பனை என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். அதற்கு வாய் திறப்பதற்குள் உடல் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். தூண் இருந்தது.

"அடுத்தது... பிடியை விடு, முன்னால் ஓரடி," என்று ஆசிரியை மெல்ல வாசித்தார்.

நான் விடவில்லை.

"டீச்சர், ரோபோ கெட்டுப் போச்சு!" என்று ஒரு பையன் கத்தினான். எவரும் சிரிக்கவில்லை.

என் முழங்கையின் கீழ் ஒரு கை வந்தது. ஒன்பது ஆண்டுகளாக என்னைத் தலைவரே என்றன்றி வேறெவ்விதமும் அழைத்திராத செயலாளரின் குரல் காதருகே கேட்டது.

"அண்ணே, கார் சாவியக் குடுங்க. நா ஓட்டிக்கிட்டு வாரேன்."

கண்கட்டை அவிழ்க்கும்படி நான் கேட்கவில்லை. ஒரு கையைத் தூணிலேயே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, குரல் வந்த திசையில் நீட்டினேன்.