உடும்பும் என் குரலும்

என் தங்கைக்கு அலுவலகத்தில் உடும்பு என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டாள். மரியாதையான பெயர்தான், வீட்டில் நான் வைத்த பெயர்கள் இதைவிட மோசம்.

நான் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் மைக் பிடித்து அறிவிப்பு சொன்னவள். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு தங்கை என்னை ஆறு நாள் உட்கார வைத்து என் குரலைப் பதிவு செய்தாள். பிறகு ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். நான் எழுத்தில் அடிப்பதை, அந்தப் பதிவுகளை வெட்டி ஒட்டி என் குரலிலேயே அது சொல்லும். எட்டு வருடம் அதில்தான் பேசினேன், சண்டை போட்டேன்.

போன மாதம் பெட்டி கருகிப்போனது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. என் குரலும் அதைப் பேசவைக்கும் நிரலும் அதில் இருந்தன. மருத்துவமனையில் ஒரு புதுப் பெட்டியைக் காட்டினார்கள். அதில் யாரோ ஒருத்தி தேன் ஒழுகப் பேசினாள். அவள் வாயால் நான் பேசுவதா? மாட்டேன் என்று பலகையில் எழுதிக் காட்டினேன்.

"சரிக்கா, உன் நிரலை என் லேப்டாப்ல ஓட வைக்கிறேன்," என்றாள் உடும்பு. ஒரு பிராசசருக்காக எழுதியதை வேறொரு பிராசசரில் ஓடவைக்கும் எமுலேட்டர் எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

அவள் புலம்பியதைக் கேட்டே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. எந்த நிரலும் தானாக ஒரு கோப்பைக்கூடத் திறக்காது. ஓர் எண்ணைச் சொல்லி இயங்குதளத்திடம் கேட்கும். அதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். வம்பு என்னவென்றால், அந்த எண்கள் பிராசசருக்குப் பிராசசர் மாறும். பழைய பெட்டியில் மூன்று என்றால் 'படி'. லேப்டாப்பில் மூன்று என்றால் 'மூடு'. படிக்கச் சொன்னால் கோப்பை மூடிவிட்டுச் சும்மா இருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் நடுவழியில் மறித்து எமுலேட்டர் எண்ணை மாற்றித் தர வேண்டும். அதற்கான அட்டவணையை அவளே உட்கார்ந்து எழுதினாள்.

பத்தாம் நாள் நிரலிடம் முதல் பதிவைப் போடச் சொன்னாள். "ஆரம்பிச்சாச்சா?" என்றது லேப்டாப். என் குரல். பதிவு ஓடுவது தெரியாமல் அன்று நான் கேட்ட கேள்வி. இரண்டு பேரும் அழுதுவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் வேறு எதைக் கேட்டாலும் மௌனம்தான்.

அவளுடைய மேனேஜர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"குரல் கோப்புல மீதி கெட்டுப் போயிருக்கும்மா. விட்டுடுங்க. புதுப் பெட்டி நல்லாத்தானே பேசுது?"

பலகையாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது.

"கெட்டுப் போயிருந்தா நானே சொல்லிடுறேன் சார். இன்னும் பாத்து முடிக்கலையே," என்றாள் அவள்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். நிரல் கேட்பது மொத்தம் நாற்பத்தொரு விதமான சிஸ்டம் கால். ஒவ்வொன்றிலும் நிரல் என்ன கொடுத்தது, லேப்டாப் கைக்கு என்ன வந்தது என்று நோட்டில் எழுதி ஒப்பிட்டாள். குளிக்கப் போனாலும் நோட்டு வாசல்வரை கூடப் போகும். ஞாயிறு மதியம், முப்பத்து நான்காவதில், தலையில் அடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுக்கா."

'கோப்பின் இந்த இடத்திலிருந்து படி' என்று கேட்கும் சிஸ்டம் கால் அது. கேள்வியின் விவரங்கள் ரெஜிஸ்டர் எனும் சின்ன அறைகளில் வரும். பூஜ்யம், ஒன்று, இரண்டு எண் அறைகள் மற்ற விவரங்களால் நிரம்பிவிடும். 'எந்த இடம்' என்பது பெரிய எண்; அதற்கு இரண்டு அறை வேண்டும். பழைய பிராசசரில் அப்படிப்பட்ட ஜோடி இரட்டைப்படை அறையில்தான் தொடங்க வேண்டுமாம். அதனால் மூன்றாம் எண் அறையைக் காலியாக விட்டு, நாலிலும் ஐந்திலும் வைத்திருக்கிறது. லேப்டாப்பில் அந்த வழக்கம் இல்லை. இவள் மூன்றிலிருந்தே எடுத்துவிட்டாள். முதல் பதிவு இருந்தது கோப்பின் தொடக்கத்தில்; அதற்கு இந்த அறைகளில் எல்லாம் பூஜ்யம், அதனால் தப்பித்தது. மற்ற இடங்களைக் கேட்டபோதெல்லாம் கோப்புக்கு வெளியே எங்கோ போய்த் தேடியிருக்கிறது. என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு, விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"எதையாவது அடிக்கா."

அவள் தட்டு காலையிலிருந்து மூடியபடியே மேஜையில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தேன்.

"காலைலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுடி கழுதை."

பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற அதே குரல். அவள் எழுந்திருக்கவே இல்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை திட்டுக்கா," என்றாள்.