கடலுக்கு ரிசர்வ் ஆன சுவர்

சுவரின் இடது கீழ்மூலையில், உள்ளங்கை அகலத்தில், 'கடல் – ரிசர்வ்' என்று கறுப்பில் எழுதியிருந்தது. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் எடைமேடையின் சுற்றுச்சுவர் அது. நான் அப்போது சிமெண்ட் கம்பெனிக்குச் சுவர் விளம்பரம் எழுதித் தரும் ஏஜென்சியில் சூப்பர்வைசர். பெரம்பலூரில் பஸ் ஏறி, ஊரைப் பார்க்காமல் சுவர்களையே பார்த்துக்கொண்டு வருகிற பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலையில் பேரெழுதி 'ரிசர்வ்' போட்டுவிட்டால், கட்சிக்காரரோ ஜவுளிக்கடைக்காரரோ, அடுத்தவர் அதில் பிரஷ் வைக்க மாட்டார்.

அந்த எழுத்துக்கு மேலே, வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுருள் சுருளாக நத்தை ஓடுகள் வரைந்திருந்தன. உள்ளே சுற்றிக்கொண்டே போகும் கோடு எங்கே முடிகிறதென்று விரலால் தொடர்ந்து போனேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. எதையும் விற்காத ஒரு படத்தை ரோட்டோரச் சுவரில் அன்றுதான் பார்த்தேன். ஆனால் ரசிக்க நேரமில்லை. எடைமேடை முதலாளியிடம் கையெழுத்து வாங்கிய சுவர்; வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து மேனேஜர் வருகிறார். அதற்குள் எழுதாவிட்டால் என் வேலை போய்விடும். பெயிண்டர்களோ ஒரே பிடியாக நின்றார்கள். "ரிசர்வ் போட்ட சுவத்துல கை வைக்க மாட்டோம் சார். மொதல்ல அந்தக் கடல் கம்பெனிக்காரன்ட்ட பேசிட்டு வாங்க."

நானும் மடையன் மாதிரி டவுன் முழுக்கக் கடல் கம்பெனியைத் தேடினேன். மீன்கடைக்காரர் சிரித்தார். "நம்மகிட்ட ஏரி மீனுதாங்க. கடலுக்கு நான் எங்க போவேன்?"

கடைசியில் எடைமேடையில் சீட்டு எழுதும் அக்காவிடம் கேட்டேன். லாரி நம்பரைத் தவிர வேறெதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. மேசையில் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருந்த கல்லைத் திருப்பிக் காட்டினார். கல்லோடு கல்லாகிப்போன நத்தை ஓடு, அதே சுருள். "தெனம் லோடுல வருதுங்க. இங்க பூரா ஒரு காலத்துல கடலா கெடந்துச்சாம். மொதல்ல புக் பண்ணுனவங்க பேரத்தானே எழுதணும்?" லாரியில் வடித்த கழிவு ஆயிலில் துணியை முக்கி, சாப்பாட்டு நேரத்தில் வரைந்திருக்கிறார். "நான்தான்னு மொதலாளிக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா என் வேல போயிடும்."

"நான் அவர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேங்க்கா," என்றேன், பெரிய நியாயவான் மாதிரி.

"நீங்க கேட்டீங்க, நான் கேக்கல. சரிதான். ஆனா ரோட்டுல போறவங்கள நாம ரெண்டு பேருமே கேக்கலயே."

அந்தப் பேச்சு இன்றும் என்னைக் குடைகிறது. அவருடைய நத்தையைப் பார்க்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். நான் எழுதிய சுவர்களுக்கு முன்னால் ஆட்கள் நின்றதெல்லாம் ஒன்றுக்குப் போகத்தான்.

ஆனாலும் பயந்துவிட்டேன். புதன்கிழமை நானே சுண்ணாம்பு அடித்தேன். மூலையை மட்டும் தொடக் கை வரவில்லை. "கடல்காரங்க சம்மதிச்சுட்டாங்க" என்று பெயிண்டர்களிடம் பொய் சொல்லி எழுத வைத்தேன். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த லாரிக்குச் சீட்டு எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் மேனேஜர் வந்தார். 'கசிவே இல்லை' என்ற எங்கள் மஞ்சள் எழுத்தின் நடுவே, ஆயில் சுண்ணாம்பில் ஊறி, நத்தைகள் ஒவ்வொன்றாகக் கசிந்து வந்திருந்தன.

"யாருய்யா செஞ்சது?"

ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது.

"கடல்னு ஒரு கம்பெனி சார்."

"புதுசா?"

"இல்ல சார். ரொம்பப் பழசு."

அடுத்த வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது.

இப்போது பெரம்பலூரில் சொந்தமாக விளம்பரக் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு செருப்புக்கடைக்காரர் அதே சுவருக்கு ஆர்டர் கொண்டுவந்தார். கூடவே போய்ப் பார்த்தேன். எடைமேடை மூடிக் கிடந்தது. அக்கா எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மஞ்சள் எழுத்து உதிர்ந்துவிட்டது. நத்தைகள் மங்கலாக இருந்தன. மூலையில் அவர் எழுதிய 'கடல் – ரிசர்வ்' அப்படியே இருந்தது.

"சுவரு சும்மாதானங்க கெடக்கு, எழுதிடலாம்ல?" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"இல்லீங்க, இது ரிசர்வ் ஆயிருக்கு," என்றேன். "வேற சுவரு பாப்போம்."