ஒன்பது கிலோ தம்பி

என் தம்பி ஒன்பது மாதத்தில் ஒன்பது கிலோ இருந்தான். இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்கியது நான். எனக்குத் தெரியாத கனமா?

பந்தலூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார், தம்பியை நான் வளர்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது பத்து வயது. காலையில் அவனைப் பிள்ளைக்காம்பராவில் விடுவேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைக்கு எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த பேர் அது. அங்கே ஓர் ஆயா இருந்தாள். குழந்தைகள் தூங்குகின்றனவோ இல்லையோ, அவள் தூங்குவாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் பால் குடிக்கக் கொண்டுபோவேன்.

அம்மா அந்த நேரத்தில் நிறுக்கிற இடத்தில் இருப்பாள். மூன்று கம்புகளைச் சாய்த்துக் கட்டி, நடுவில் கடிகாரம் மாதிரி வட்ட முகம் வைத்த தராசைத் தொங்கவிட்டிருப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று கொழுந்தைத் துணியில் கட்டி அதன் கொக்கியில் மாட்டுவார்கள். சூப்பர்வைசர் முள்ளைப் பார்த்துச் சொல்லுவார். "பதினெட்டு. துணிக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு. பதினஞ்சு." அடுத்தவள். "பதினாறு. துணிக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு. பதிமூணு." மழை பெய்தாலும் தண்ணிக்கு ரெண்டு. பங்குனி வெயிலில் இலை சருகாய்க் கிடந்தாலும் தண்ணிக்கு ரெண்டு. ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. நிறுப்பது என்றால் கழிப்பதும் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எஸ்டேட்டில் குழந்தைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து டாக்டரம்மா வருவார். நோய்நொடி இல்லாமல் நல்ல எடையோடு இருக்கும் குழந்தைக்கு முதல் பரிசு. பரிசு குழந்தையைக் குளிப்பாட்டுகிற ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பு என்று ஆயா வந்து சொன்னாள். எனக்கு அந்த டப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. தம்பியை நான் அதுவரை குண்டானில் உட்காரவைத்துத்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளைக்குத்தான்டி. நம்ம பிள்ளைக சும்மா தலை எண்ணுறதுக்கு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அரிசி வாங்கப் போனபோது தம்பியையும் தூக்கிக்கொண்டு போனேன். கடை ஒரு மலையாளத்து முஸ்லிமுடையது. எங்கள் பக்கம் அவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "காக்கா, இவனை நிறுத்துக் காட்டுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்காரவைத்தார். இந்தப் பக்கம் அஞ்சு கிலோ கல்லைப் போட்டார். போதவில்லை. ரெண்டு கிலோ கல். போதவில்லை. இன்னொரு ரெண்டு. தட்டு சமமாக நின்றது. அதற்குள் தம்பி பக்கத்திலிருந்த வெல்லத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டிலேயே மூத்திரம் போய்விட்டான்.

"ஒம்பது கிலோ உண்டு" என்றார் காக்கா, தட்டைத் துடைத்தபடி. "மூத்திரம் போனது போக."

அவர் எதையும் கழிக்கவில்லை. துணிக்கும் இல்லை, தண்ணிக்கும் இல்லை. அது எனக்கு மனதில் பட்டது. சரி, கழிப்பது கொழுந்துக்கு மட்டும்தான் போல என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். நாலு பேரும் சேர்ந்து வீட்டை விட்டு வெளியே போனது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்பா சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அம்மா பொங்கல் சேலையை உடுத்திக்கொண்டாள். தம்பிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. கிளம்பும்வரை அம்மா அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் அதன் மேல் ராகிக் கூழ் ஊட்டினேன். வயிற்றைத் தட்டினால் சத்தம் கேட்கிற அளவுக்கு ஆனபிறகு நடக்க ஆரம்பித்தோம். ரெண்டு மைல் இறக்கம். எனக்கு ஒரே கவலை. நிறுத்து முடிக்கும்வரை இவன் வெளிக்குப் போய்விடக்கூடாது.

இரண்டாவது வளைவில் போய்விட்டான்.

"பாவி, இன்னும் அரை மணி நேரம் அடக்க முடியலையாடா!" என்று நான் கத்தினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா ஓடைத் தண்ணீரில் அவனைக் கழுவினாள். அந்தச் சமயத்தில் அவள் காலில் இரண்டு அட்டை ஏறிவிட்டது. அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து திரும்பவும் அவனுக்குப் பால் கொடுத்தாள். போன எடையைத் திரும்பப் பிடிக்க வேண்டுமே.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். துரையும் துரைசானியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரை நாங்கள் துரை என்போம். அவர் வெள்ளைக்காரர் இல்லை, எங்களைவிடக் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். மேஜைமேல் அந்தச் சிவப்பு டப்பு. அதற்குள் ஒரு தேயிலைப் பை. எங்கள் ஃபேக்டரியில் கட்டி வாயைத் தைத்த பை. மேலே அஞ்சு கிலோ என்று அச்சடித்திருந்தது. அதுவும் முதல் பரிசோடு சேர்ந்ததாம். டாக்டரம்மா மலையாளத்துக்காரர், கண்ணாடி போட்டவர், கறாரானவர். ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் ஈறையும் பார்த்து நோட்டில் எழுதினார். ஆனால் அவர் கொண்டுவந்த எடை மெஷின் ஜீப்பில் குலுங்கி வந்ததில் உடைந்துபோயிருந்தது.

சூப்பர்வைசர் முன்னே வந்தார். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். "ஏனுங்க டாக்டரம்மா, நம்மகிட்டக் கொழுந்துத் தராசு இருக்குதுங்களே. அதுலயே மாட்டிப் பாத்துரலாமுங்க."

மூன்று கம்பு, தராசு, துணி எல்லாம் வந்தன. குழந்தைகளைத் துணியில் தூளி மாதிரிக் கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள். அவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல, டாக்டரம்மா குனிந்தபடி எழுதினார். "ஏழு. துணிக்கு ஒண்ணு. ஆறு." "ஆறரை. துணிக்கு ஒண்ணு. அஞ்சரை." தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையை வாங்கிப் போனார்கள். கொழுந்துக்கு எப்படிப் போவார்களோ அப்படியே.

சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளை வந்தது. அவர் மனைவி பூப்போட்ட துவாலை கொண்டுவந்திருந்தார். அதில் கட்டி மாட்டினார்கள். "ஏழரை" என்றார் அவர். ஏழரையோடு நிறுத்திக்கொண்டார். துவாலைக்கு எடை இல்லை போலிருக்கிறது.

கடைசியில் என் தம்பி. கொக்கியில் தொங்கியபடி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "எட்டு. துணிக்கு ஒண்ணு. ஏழு."

"ஒம்பது!" என்று நான் கத்தினேன்.

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினாள் என்றால், தோல் கன்றிப்போகும்படி. டாக்டரம்மா தலையைத் தூக்கினார். "எந்தா மோளே? எதுக்கு இந்தச் சத்தம்?"

"என் தம்பி ஒம்பது கிலோ டாக்டரம்மா. காக்கா கடையில கல்லுப் போட்டு நிறுத்தோம். இவரு கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரியே கழிக்கிறாரு. என் தம்பி என்ன கொழுந்தா?"

பின்னால் யாரோ பெண் சிரித்துவிட்டு அவசரமாக இருமினாள். சூப்பர்வைசர் முகம் கறுத்தது. "சின்னப் புள்ளைங்க. கண்டதையும் பேசுதுங்க. துணிக்குக் கழிக்கோணுமில்லீங்களா?"

டாக்டரம்மா எழுந்து வந்து அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கொசுவலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அதன் கனம். "இது ஒரு கிலோ உண்டோ?"

"பழக்கத்துல சொல்லிப்போட்டனுங்க."

டாக்டரம்மா நோட்டில், துணிக்குக் கழித்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு கிலோ கூட்டினார். தம்பிக்கு எட்டு என்று எழுதினார். ஏழரையைவிட எட்டு பெரியது. முதல் பரிசு எங்களுக்குத்தான். அம்மா என் காதருகே குனிந்து, "போதும்டி தங்கம், கிடைச்சிருச்சு, வாயை மூடு" என்று கெஞ்சினாள். அப்பா தூரத்தில் ஆம்பிளைகளோடு நின்றுகொண்டு, வா என்று கையைக் காட்டினார்.

நான் போகவில்லை. புத்தி உள்ள பிள்ளை போயிருக்கும். எனக்கு அந்த ஒரு கிலோ வேண்டும். அது நான் ஊட்டிய கூழ். நான் சுமந்த கனம். அதை இவர் யார் எடுத்துக்கொள்ள?

"எட்டு இல்ல, ஒம்பது. அந்தத் தேயிலையை மாட்டிப் பாருங்க. அதுல அஞ்சுன்னு எழுதியிருக்கு" என்றேன்.

துரைக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "மாட்டு, பார்க்கலாம்" என்று சிரித்தார். நானே ஓடிப்போய் டப்புக்குள்ளிருந்து பையைத் தூக்கிவந்தேன். யாரோ அதைத் துணியில் கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள். முள் ஆடியது. ஆடி ஆடி நாலில் போய் நின்றது.

டாக்டரம்மா சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தராசைப் பார்த்தார். அவர் படிக்கிறபாடாக இல்லை. சரி, நானே படித்துவிடலாம் என்று, தினமும் கேட்கிற அதே ராகத்தில் உரக்கச் சொன்னேன். "நாலு. துணிக்கு ஒண்ணு. மூணு."

அப்போது ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள். அந்தப் பெண்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வாயைப் பொத்தாமல், முந்தானையை இழுத்து மூடாமல், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியம்மா தரையில் உட்கார்ந்தே விட்டாள். துரை மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். ஃபேக்டரி பை பொய் என்று அவரால் சொல்ல முடியுமா? "தராசு பழசு. மாத்திடுவோம்" என்றார். துரைசானி ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

டாக்டரம்மா எட்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

திரும்பி வரும்போது அப்பா டப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். தேயிலைப் பை அம்மா கையில். தம்பி என் இடுப்பில் தூங்கிவிட்டான். அவனைக் கொஞ்சுவார்கள் என்று பார்த்தால் எல்லாப் பெண்களும் என்னைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். "இன்னொரு தடவை சொல்லுடி" என்பார்கள். "நாலு. துணிக்கு ஒண்ணு. மூணு" என்பேன். சிரிப்பார்கள். அடுத்த வளைவில் திரும்பவும் கேட்பார்கள். என் கணக்கின் அழகு அப்படி என்று நான் நினைத்தேன். பெரியம்மா என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. போட்டியில் அவள் பேரன் தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பையைப் பிரித்து டீ போடச் சொன்னேன். ஃபேக்டரியின் நல்ல தேயிலையை நாங்கள் யாரும் குடித்தது கிடையாது. எங்களுக்குக் கிடைப்பது அடித்தூள். அம்மா பிரிக்கவில்லை. "அந்தத் தையல்ல கை வெச்சே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். கிள்ளியபோதுகூட அவள் முகம் அவ்வளவு கடுமையாக இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் பையை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுபோனாள். கொழுந்து நிறுக்கிறதுக்கு முன்னால் அதைத்தான் முதலில் கொக்கியில் மாட்டினாளாம். செவ்வாய்க்கிழமை பெரியம்மா வந்து வாங்கிப் போனாள். புதன்கிழமை அடுத்த லயத்து வீடுகளிலிருந்து ஒருத்தி வந்தாள். புதுத் தராசு வந்த பிறகும் விடவில்லை. முள் அஞ்சில் நின்றால்தான் வரிசை நகரும். துணிக்கு ஒண்ணு போயிற்று, தண்ணிக்கு ரெண்டு மழைநாளில் மட்டும் என்று ஆயிற்று. பெண்கள் சாயங்காலம் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டு மலையிறங்கினார்கள். இதெல்லாம் என் காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

எனக்கு ஒரே ஆத்திரம்தான். ஜெயித்தது என் தம்பி. சண்டை போட்டது நான். பரிசுத் தேயிலையை மட்டும் எஸ்டேட்டில் உள்ள பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு நாள் பச்சைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஒருத்திக்காவது அதைப் பிரித்து எனக்கு ஒரு வாய் டீ போட்டுக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று அந்த மழைக்காலம் முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.