மலையைக் காணோம்

ஊருக்குப் போற பஸ்ல இருக்கேன். மடியில லேப்டாப். திங்கக்கிழமை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ரிவ்யூ. ஏற்கனவே அரியர் வச்ச பேப்பர். இந்தத் தடவையும் போச்சுன்னா கிடைச்ச வேலையும் போச்சு.

நம்ம கொல்லிமலையையே 3டி-ல வரைஞ்சு, மவுஸால சுத்திப் பாக்கற மாதிரி ப்ராஜெக்ட். இத்தனை நாள் உக்காந்ததுக்கு, சாம்பல் கலர்ல ஒரு குவியல் வந்திருக்கு.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க.

"என்ன கண்ணு இது?"

"நம்ம மலைங்க்கா."

"அட! தேவனூர்ல எங்க ஊடு இருக்குது. காட்டு, பாக்கலாம்."

ஆசையாக் கேட்டாங்களேன்னு, ப்ரோக்ராம்ல மலையப் பாக்கற கேமராவைத் தேவனூருக்குக் கிட்டக் கொண்டு போனேன். ஸ்கிரீன் முழுக்கக் கருப்பாயிருச்சு.

"மலையக் காணோமே சாமி?"

கேமரா மலைக்குள்ள போயிருச்சு. உள்ள இருந்து பாத்தா எதையும் வரையக் கூடாதுன்னு கோட் எழுதினதும் நான்தான். வெளிய வர்ற வழிய எழுத மறந்ததும் நான்தான். பஸ் மலையேற ஏற, வளைவுக்கு வளைவு கீயைத் தட்டிப் பாத்தேன். அதே கருப்பு.

இறங்கறப்ப அக்கா தோள்ல தட்டினாங்க.

"விடு சாமி. ஊட்டுக்கு வா, நேர்லயே பாத்துக்கலாம்."

ஏனுங்க, ரிவ்யூ பண்ற எங்க சாரையும் இந்த பஸ்லயே ஏத்திக் கூட்டிட்டு வந்து காட்டினா பாஸ் போடுவாரா?