செல்லமுத்து போட்ட கோடு

செல்லமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நாமக்கல்லில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு டிரைவருக்கு ஃபேன் பெல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு பாடி கட்டும் அவருடைய ஷெட்டில் வெல்டிங் பார்க்கும் குமார் போனில் பேசினான். "பாய், நம்ம அண்ணன் போயிட்டாருங்க. காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு" என்றான். கடையைச் சாத்திவிட்டுக் காவிரிக் கரையில் இருக்கும் அவர் ஊருக்குக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் படகுக் கமிட்டிக்காரர்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'ஊருக்குப் படகு தந்த உத்தமருக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதில் படகின் படம் பெரிதாக இருந்தது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டும் விளிம்பில் தொற்றிக்கொண்டும் ஊரே அதில் ஏறியிருந்தது. மூலையில் ஒரு வட்டத்துக்குள் செல்லமுத்துவின் பாஸ்போர்ட் சைஸ் முகம். அந்தப் படம் எடுத்த அன்று அவர் படகில் இல்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

ஆற்றில் கதவணை கட்டித் தண்ணீர் தேங்கிய பிறகு, அக்கரைக்குப் போக அந்த ஊருக்குப் பரிசல்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் போய்விடும். எங்கோ ஒரு சுற்றுலாப் படகுக் குழாமில் ஓடிக் கழித்துப்போட்ட மோட்டார் படகு ஒன்றைக் கமிட்டி ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தது. ஃபைபர் உடம்பில் விரிசல், எஞ்சின் இருந்த இடத்தில் எலிக்கூடு. கமிட்டித் தலைவர் பழனியப்பன், செல்லமுத்துவுக்குப் பங்காளி முறை. "லாரியே கட்டறவன், இதைக் கட்ட மாட்டயா?" என்று ஒரே வார்த்தையில் அதை அவர் ஷெட்டில் இறக்கிவிட்டுப் போனார். கூலி வேண்டாம் என்று செல்லமுத்து சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு என்று நான் இன்றும் சொல்வேன். சும்மா செய்து கொடுத்தவன் பேச்சுக்கு எந்த ஊரிலும் மதிப்பு இல்லை.

ஷெட்டில் அந்தப் படகை லாரியாகவே பார்த்தார்கள். லாரிக்கு பாடி கட்டுகிறவர்களுக்கு உறுதி என்றால் இரும்பு. விரிசலை அடைத்து, உள்ளே குறுக்காக இரும்புச் சேனல் போட்டு, தரைக்கு லாரிப் படிக்கட்டில் போடும் செக்கர் பிளேட் அடித்தார்கள். குமார் இரண்டு பக்கமும் கண் வரைந்து, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்றுகூட எழுதிவிட்டான். ஆற்றில் இறக்கிப் பார்த்த அன்று சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் சேற்றில் வைத்து அதன் மேலேயே படகைத் தள்ளினார்கள். நாங்கள் ஆறு பேர் ஏறினோம். தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. பழம் மட்டும் நன்றாக மிதந்தது.

செல்லமுத்து யாரையும் திட்டவில்லை. "லாரியில இரும்பு நம்மளத் தாங்குது. தண்ணியில அதுவும் ஒரு ஆளா ஏறி உக்காந்துக்குது பாய்" என்றார். படகைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோய், போட்ட இரும்பையெல்லாம் தானே வெட்டி எடுத்தார். நானும் அவரும் கொச்சிக்குப் போய்ப் படகுக்கென்றே செய்த சின்ன டீசல் எஞ்சின் ஒன்று வாங்கி வந்தோம். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொள்ளாத குறைதான். எஞ்சினையும் தண்ணீரைத் தள்ளும் விசிறியின் தண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தரையில் சரியாக நின்றது, தண்ணீரில் இறக்கினால் விலகியது. ஃபைபர் உடம்பு தண்ணீரில் வேறு மாதிரி உட்காருகிறது என்று கண்டுபிடித்து, ஆற்றுக்குள் இடுப்பளவு நின்றும் படகுக்குள் குப்புறப் படுத்தும் சரி செய்தார். ஸ்டார்ட் ஆனபோது கரையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அவர் மட்டும் தண்டு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு செய்த காரியத்தால்தான் ஊர் அவரை வெறுத்தது. மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, படகு எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார். இனி ஏற்றினால் ஆபத்து என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் நின்ற மட்டத்துக்கு வெளிப்பக்கம் சுற்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். "தண்ணி இந்தக் கோட்டை மறைச்சா எடுக்கக் கூடாதுங்க. ஆளுக்கணக்குல பன்னண்டு பேரு" என்று கமிட்டியிடம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்கரை மாரியம்மன் திருவிழா அன்றுதான் படகு முதல்முதலாக ஓடியது. பழனியப்பன் மாலையோடு முன்னால் ஏற, பின்னாலேயே கூட்டம் ஏறியது. கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. செல்லமுத்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாதிப் பேரு எறங்கோணுங்க."

"ஏப்பா, லாரிக்காரன் நீயே ஓவர்லோடு பத்திப் பேசறயா?" என்றார் பழனியப்பன். கூட்டம் சிரித்தது.

"லாரி நின்னு போனா ரோட்டுல எறங்கி நிக்கலாங்க. இங்க எங்க நிக்கறது?"

"நல்ல நாளும் அதுவுமா நிக்கற பேச்சு எதுக்கு? சாவியக் குடு."

"முடியாதுங்க" என்று சொல்லிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் சாவி இல்லாமல் டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யத் தெரியாதவன் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறான்? யாரோ ஒரு லாரி கிளீனர் இரண்டு ஒயரை முறுக்கினான். அவர் தெரு திரும்புவதற்குள் படகு கிளம்பிவிட்டது. பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. அன்று எடுத்த படம்தான் ஃப்ளெக்ஸில் இருப்பது.

மறுவாரமே கமிட்டி படகுக்கு நீலப் பெயின்ட் அடித்தது. கோடு போய்விட்டது. செல்லமுத்து போய் மறுபடி போட்டார். மறுபடி அழித்தார்கள். அவரும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு, பொதுச் சொத்தைப் பாழாக்குகிறார் என்று சொல்லி, படகுத்துறைப் பக்கம் அவர் வரவே கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள். மனைவி ருக்மணியம்மாவின் பிறந்த ஊர் அக்கரையில்தான். தான் கட்டிய படகு கண்ணெதிரே ஓட, மாமனார் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் பஸ் மாறிப் பாலத்தைச் சுற்றிப் போய் வந்தார். டீக்கடையில் அவரைப் பார்த்தால் போதும், "என்ன செல்லமுத்து, இன்னைக்கும் முழுகலையே?" என்று கேட்பார்கள். கேட்டவர்களின் பெயர் எனக்குத் தெரியும். அவர்களில் மூன்று பேர் பாடை தூக்கினார்கள்.

சாம்பல் கரைக்கும் நாளில் நானும் துறைக்குப் போயிருந்தேன். நடு ஆற்றில், அவர் படகிலேயே போய்க் கரைப்பதுதான் மரியாதை என்று பழனியப்பன் முடிவு செய்திருந்தார். "செல்லமுத்து கட்டுன போட்டு. எத்தனை பேர் ஏறினாலும் அசையாது" என்று கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். உயிரோடு இருந்தபோது எதைக் கூடாது என்று சொன்னதற்காக அவரைத் துரத்தினார்களோ, அதையே செத்த பிறகு அவருடைய சாதனையாக்கிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாரை தப்பட்டையோடு கூட்டம் ஏறியது. செல்லமுத்துவுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்த அண்ணன் மகன் கலயத்தோடு படகில் கால் வைக்கப் போனான். ருக்மணியம்மா அவன் கையிலிருந்து கலயத்தை வாங்கிக்கொண்டார்.

"ஏறு அம்மிணி, உனக்கு முன்னால எடம் இருக்குது" என்றார் பழனியப்பன்.

"நீங்க போயிட்டு வாங்க மாமா. எங்க ஊட்டுக்காரரு அதுல ஏற மாட்டாரு."

சொல்லிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தானே கரைத்தார். படகில் இருந்தவர்களுக்கு இறங்கவும் வெட்கம், இருக்கவும் வெட்கம். அதற்குள் யாரோ எஞ்சினைத் தட்டிவிட, கரைக்க ஒன்றும் இல்லாமலே தப்பட்டை அடித்துக்கொண்டு நடு ஆறு வரை போய்த் திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

சாவதற்கு முன் செல்லமுத்து கடைசியாக என் கடைக்கு வந்தபோது, ஆற்றாமையில் ஒன்று கேட்டேன். "ஒரு தடவை, யாருக்கும் சேதம் இல்லாமல், அந்தப் படகு கவிழ்ந்து தொலைத்தால்தான் உங்கள் அருமை தெரியும். அப்படி உங்களுக்குத் தோன்றவே இல்லையா?" என்றேன்.

"என்னங்க பாய் இப்படிக் கேட்டுப் போட்டீங்க" என்று என்னைப் பார்த்தார். "தெனமும் காலைல மொதல் நடை அக்கரை போயிச் சேர்ற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. நான் சொன்னது நடக்கக் கூடாது சாமின்னுதான் கும்பிட்டுட்டு இருக்கறன். நான் தோத்துட்டே இருக்கோணுங்க."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேண்டுதல் ஒன்றுதான். அவர் இருந்தவரை அதை அவர் பார்த்துக்கொண்டார். இப்போது விடியற்காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் அதை நான் கேட்கிறேன். அந்த மனிதர்களுக்காகக் கேட்க எனக்கு மனமே வருவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்.