கண்ணாடிக்குள் வெயில்

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படிகள். ஊட்டி மலையில், எங்கள் காந்தலில் வீடு என்றால் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். எங்களுடையது மேலே. இருபது வருடம் ஏறி இறங்கிய படிகளை ஐம்பத்தாறு வயதில் என்னால் ஏற முடியவில்லை. தொடையிலும் இடுப்பிலும் எலும்புக்குள் வலி. ஐந்து படிக்கு ஒருமுறை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஊட்ட வித்துட்டு மேட்டுப்பாளையம் போயிரலாம். அங்க படியே இல்ல” என்றார் கணவர்.

“நீங்க போங்க. போயி கொசுக்கடி வாங்குங்க” என்றேன்.

வீட்டை விடக்கூடாது என்றுதான் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு, அது இல்லாமல் சாப்பாட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, எலும்பும் தசையும் பலவீனமாகும் என்றார். வெயில் படுகிறதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

“தெனமும் ரெண்டு மணி நேரம் வெயில்லதானுங்க உக்கார்றேன்.”

“எங்க உக்கார்றீங்கம்மா?”

“கண்ணாடி ரூம்ல.”

அவர் சிரித்துவிட்டார். “கண்ணாடி சூட்டை உள்ள விடும்மா. வைட்டமின் டி உண்டாக்குற கதிரை வெளியிலயே நிறுத்திரும். போதாததுக்கு ஸ்வெட்டர் வேற.”

வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அளவைத் தாண்டக்கூடாதாம், முடிந்ததும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

நான் நம்பவில்லை. வாசலில் சுற்றிலும் கண்ணாடி வைத்து அந்த அறையைக் கட்டியவர் என் கணவர். ஆசாரியோடு நின்று ஒவ்வொரு சட்டத்தையும் அவரே பொருத்தினார். காற்று வராது, வெயில் வரும் என்று இந்த ஊரில் பாதிப்பேர் கட்டியிருக்கிறார்கள். எல்லோருமா முட்டாள்கள்?

சோதித்துப் பார்த்தேன். ஒரு மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றி, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, வலது கையை வெளியே நீட்டினேன். இடது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். கேத்தியிலிருந்து கேரட் கொண்டு வருகிறவள் படியேறி வந்து பார்த்தாள்.

“ஏனுங்க்கா, பஸ்ஸுக்குக் கை காட்டறீங்களா? மேல வராதுங்க்கா, ரோட்டோட போயிரும்.”

“உன் வேலையப் பாரு” என்று சொல்லி ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். அது முட்டாள்தனம், அவ்வளவு நேரம் தேவையில்லை. சாயந்தரம் வலது கை சிவந்து எரிந்தது. இடது கைக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு கைக்கும் சூடு ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்படியென்றால் சூடு வேறு, அந்தக் கதிர் வேறு. இத்தனை வருடம் இது தெரியாமல் வெயில் என்று நினைத்துச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு கைகளையும் கணவரிடம் காட்டினேன். மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்.

“அப்ப நான் கட்டுனது வீணா?”

“குளுருக்கு ஆகும். எலும்புக்கு ஆகாது.”

கோபித்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார். உட்காரட்டும் என்று நான் பதினொன்றரை மணிக்கு வெளியே நாற்காலி போட்டு, கையையும் காலையும் திறந்து வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். காற்று வெட்டியது, பல் தந்தியடித்தது. மூடுபனி ஏறும் நாளில் அந்த வெயிலும் கிடையாது. மாத்திரையை விடவில்லை. முட்டையும், கேரளாவிலிருந்து வரும் மத்தி மீனும் வாங்கினேன். அவற்றிலும் வைட்டமின் டி கொஞ்சம் இருக்கிறதாம்.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முப்பத்தெட்டுப் படியும் ஏறினேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்றேன். வலியால் இல்லை. மேலே நல்ல வெயிலில், காதை மூடும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, என் கணவர் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே வரச் சொல்லி அங்கிருந்தே கத்தினேன்.